அஸ்வினி பொன்னப்பா: ஒரு டபுள்ஸ் ஆட்டக்காரியோட 14 வருஷம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்மிண்டன்னு பேச்சு வந்தாலே நம்ம ஆளுங்க சாய்னா, சிந்து, அதோட நிறுத்திக்குவாங்க. ரெண்டு பேரும் பெரிய ஆட்டக்காரங்கதான், அதுல மாத்துக் கருத்தே கிடையாது. ஆனா உலக சாம்பியன்ஷிப்ல சாய்னாவுக்கும் சிந்துவுக்கும் முன்னாடியே மெடல் வாங்குன ரெண்டு இந்தியப் பொண்ணுங்க இருக்காங்க, அவங்க பேரைக் கேட்டா பாதிப் பேருக்கு மேல முழிக்கிறாங்க, அதான் எனக்குப் பொறுக்கல. ஜ்வாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும்தான் அந்த ரெண்டு பேரு. அதுல அஸ்வினியைப் பத்தி என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எல்லாம் சேர்த்து ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன்.

அஸ்வினி பொன்னப்பா யாரு? எந்த ஊரு?

1989 செப்டம்பர் 18, பெங்களூருல பிறந்தவங்க. குடும்பம் கூர்க், அதாவது குடகு. குடகுன்னா காபித் தோட்டமும் ஹாக்கியும்தான், அங்க குடும்பம் குடும்பமா டீம் போட்டு ஹாக்கி டோர்னமெண்ட் ஆடுவாங்க. இவங்க அப்பாவும் ஹாக்கி ஆடுனவர்தான். டென்னிஸ்ல ரோஹன் போபண்ணா, ஸ்குவாஷ்ல நம்ம சென்னைப் பொண்ணு ஜோஷ்னா சின்னப்பா, ரெண்டு பேருமே குடகுக் குடும்பம். அவ்வளவு சின்ன மாவட்டத்துல இருந்து இத்தனை பேரு. 2012ல அர்ஜுனா விருது வாங்குனாங்க, 2017 டிசம்பர்ல கல்யாணம், அதுக்கப்புறமும் ஆட்டத்தை விடல.

டபுள்ஸ்னா சிங்கிள்ஸ்ல நிக்க முடியாதவங்க ஆடுறதுதானே?

இல்லைங்க. இந்த நினைப்புதான் நம்ம ஊர்ல டபுள்ஸை ரொம்ப நாளா கெடுத்து வெச்சது. கோச்சுங்கள்லயே பல பேரு பையனோ பொண்ணோ சிங்கிள்ஸ்ல கொஞ்சம் பின்தங்கினா "சரி நீ டபுள்ஸ் போ"ன்னு தள்ளி விடுவாங்க, ஏதோ ரெண்டாம் பந்தியில உக்கார வைக்கிற மாதிரி. ஆனா அது வேற ஆட்டம், வேற கண்ணு, வேற கால்.

சிங்கிள்ஸ் கோர்ட் அகலம் 5.18 மீட்டர், டபுள்ஸ்ல 6.1 மீட்டர். ஆனா சர்வீஸ் பண்ணும்போது பின்பக்கக் கோடு 76 செண்டிமீட்டர் உள்ள வந்துடும், அதனால தூக்கி ஆழமா சர்வ் போட்டுத் தப்பிக்க முடியாது, ஷட்டில்காக்கை நெட்டை உரசுற மாதிரி தாழ்வா போடணும். கொஞ்சம் மேல எழும்பினாலும் எதிர்ல நிக்கிறவங்க முன்ன பாய்ஞ்சு நெத்தியிலயே அடிச்சிருவாங்க. சர்வீஸ் போட்டு மூணாவது அடிக்குள்ள அந்தப் பாயிண்ட் யாரு பக்கம் சாயுதுன்னு பாதி தெரிஞ்சுரும்.

அதுலயும் பெண்கள் டபுள்ஸ் இன்னும் தனி. ஆண்கள் டபுள்ஸ்ல ரெண்டு மூணு ஸ்மாஷ்ல கதை முடிஞ்சுரும். பெண்கள் டபுள்ஸ்ல டிஃபென்ஸ் அவ்வளவு கெட்டி, ஒரு ஸ்மாஷ் எடுப்பாங்க, ரெண்டு எடுப்பாங்க, நாலாவதையும் எடுத்துப் பின்னாடி கோடு வரைக்கும் தூக்கி விடுவாங்க, நீ மறுபடி குதிச்சு அடிக்கணும், இப்படியே ஒரு பாயிண்ட்டுக்கு அம்பது அடி அறுபது அடின்னு போகும், ஒரு மேட்ச் ஒன்றரை மணி நேரம் தாண்டுறதும் உண்டு. தோளு இரும்பா இருக்கணும், அதைவிட பொறுமை வேணும். நான் வாரத்துக்கு மூணு நாள் சாயங்காலம் ஷட்டில் ஆடுறவ, டபுள்ஸ்தான் ஆடுவேன், பத்து ஸ்மாஷ் தொடர்ந்து அடிச்சா மறுநாள் கை சீப்பு எடுக்க வராது, அப்பதான் இவங்க எல்லாம் என்ன ஆட்டம் ஆடுறாங்கன்னு உறைக்கும்.

அப்ப அஸ்வினிகிட்ட என்ன விசேஷம்?

ஸ்மாஷ். மேல சொன்ன மாதிரி நாலு அஞ்சு ஸ்மாஷ் அடிச்சும் பாயிண்ட் முடியாத ஆட்டத்துல, பின்னாடி இருந்து ஒரே அடியில முடிக்கக்கூடிய பொண்ணு அபூர்வம். அஸ்வினி அந்த வகை. இந்தியாவுல பெண்கள் டபுள்ஸ்ல அந்த அளவுக்குப் பின்கோர்ட்ல இருந்து பலமா அடிச்சவங்க அதுக்கு முன்னாடி யாரையும் நான் பாத்ததில்ல. மிக்ஸட் டபுள்ஸ்லயும் இவங்களுக்கு எப்பவும் இடம் இருந்ததுக்கு அதுதான் காரணம். மிக்ஸட்ல வழக்கமா பொண்ணு முன்னாடி நெட்ல, பையன் பின்னாடின்னு ஆடுவாங்க, இவங்க இருந்தா பின்னாடி மாட்டிக்கிட்டாலும் அடி குறையாது.

ஜ்வாலா கூட ஜோடி ஏன் அவ்வளவு நல்லா ஒத்துப் போச்சு?

ஜ்வாலா கட்டா இடது கை. அஸ்வினி வலது கை. கேக்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா டபுள்ஸ்ல இது பெரிய சொத்து. ரெண்டு பேரு பக்கம் பக்கமா நின்னு டிஃபென்ஸ் பண்ணும்போது பெரிய குழப்பமே நடுவுல வர்ற ஷட்டில்காக்கை யாரு எடுக்குறதுங்கறதுதான். இடது கை ஆளு வலது பக்கமும் வலது கை ஆளு இடது பக்கமும் நின்னா நடுவுல ரெண்டு பேருக்குமே ஃபோர்ஹேண்ட் கிடைக்கும். எதிராளிக்கும் ஒவ்வொரு தடவையும் காக் வேற வேற கோணத்துல இருந்து வருது, கண்ணு பழகுறதுக்குள்ள கேம் பாதி போயிரும்.

அதோட ஜ்வாலாவுக்கு 6 வயசு கூட, முன்னாடியே பெரிய மேட்ச் எல்லாம் பாத்தவங்க, நெட் கிட்ட கை வேலை பிரமாதமா இருக்கும். ஜ்வாலா முன்னாடி ஏமாத்தி எதிராளியைக் காக் தூக்க வைப்பாங்க, அஸ்வினி பின்னாடி நின்னு அடிப்பாங்க. அக்கா வழி பண்ணிக் கொடுக்க தங்கச்சி முடிச்சு வைக்கிற மாதிரி.

2010 டெல்லி காமன்வெல்த்ல என்ன நடந்துச்சு?

அக்டோபர் 14, சிரி ஃபோர்ட் அரங்கம், போட்டிகளோட கடைசி நாள். ஃபைனல்ல சிங்கப்பூரோட ஷின்டா முலியா சாரி – யாவ் லெய் ஜோடியை 21-16, 21-19ன்னு ஜெயிச்சாங்க. காமன்வெல்த்ல பெண்கள் டபுள்ஸ்ல இந்தியாவோட முதல் தங்கம் அது. அஸ்வினிக்கு அப்ப 21 வயசு.

அன்னைக்கே சாய்னாவும் சிங்கிள்ஸ்ல தங்கம் ஜெயிச்சாங்க, அதோட இந்தியாவுக்கு 38 தங்கம், இங்கிலாந்துக்கு 37, நாம பட்டியல்ல ரெண்டாவது இடத்துக்குப் போனோம். மறுநாள் பேப்பர் எல்லாம் அந்த 38வது தங்கத்தைக் கொண்டாடுச்சு, நியாயம்தான். ஆனா அதே நாள்ல இந்த டபுள்ஸ் தங்கமும் வராம இருந்திருந்தா இங்கிலாந்தைத் தாண்டியிருக்கவே முடியாது, சமமாத்தான் நின்னிருப்போம்.

2011 உலக சாம்பியன்ஷிப் மெடல் ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

1983ல கோபன்ஹேகன்ல பிரகாஷ் படுகோன் வெண்கலம் வாங்குனாரு. அதுக்கப்புறம் 28 வருஷம் உலக சாம்பியன்ஷிப்ல இந்தியாவுக்கு ஒண்ணுமே இல்ல. கோபிசந்த் வந்தாரு, ஆல் இங்கிலாந்து ஜெயிச்சாரு, ஆனா இந்த மெடல் கிடைக்கல. சாய்னா அப்ப உச்சத்துல இருந்தாங்க, அவங்களுக்கும் அதுவரைக்கும் கிடைக்கல. 2011 ஆகஸ்ட், லண்டன் வெம்ப்ளி அரினா, அந்த 28 வருஷப் பூட்டை யாருமே எதிர்பாக்காத பெண்கள் டபுள்ஸ் ஜோடி வந்து திறந்துச்சு.

காலிறுதியில இந்தோனேசியாவோட வீட்டா மாரிசா – நத்யா மெலாட்டி. முதல் கேம் 17-21ன்னு போச்சு. ரெண்டாவது 21-10, மூணாவது 21-17. இந்தோனேசியான்னா டபுள்ஸ் அவங்க ரத்தத்துலயே இருக்கு, அவங்ககிட்ட முதல் கேமை விட்டுட்டு அடுத்ததை 10 பாயிண்ட்டோட அடக்குறதுன்னா மனசுல என்ன தெம்பு இருந்திருக்கணும்! அரையிறுதிக்குப் போனாலே வெண்கலம் உறுதி, அங்க சீனாவோட தியான் சிங் – சாவோ யுன்லெய் கிட்ட 14-21, 16-21ன்னு தோத்தாங்க. அந்தச் சீன ஜோடிதான் அடுத்த வருஷம் லண்டன் ஒலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்குச்சு, தோத்தது யாருகிட்டன்னும் பாக்கணும் இல்லையா.

இதுவரைக்கும் உலக சாம்பியன்ஷிப் பெண்கள் டபுள்ஸ்ல இந்தியாவுக்கு இருக்கிறது அந்த ஒரே மெடல்தான்.

2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல ஏமாத்திட்டாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

இதை யாரு கேட்டாலும் நான் முழுசா உக்காந்து சொல்லுவேன், ஏன்னா பாதி பேருக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

அதே வெம்ப்ளி அரினா. அந்த ஒலிம்பிக்ஸ்லதான் முதல் தடவையா டபுள்ஸ்ல குரூப் முறை கொண்டு வந்தாங்க. 16 ஜோடி, நாலு குரூப், ஒவ்வொரு குரூப்லயும் முதல் ரெண்டு இடம் காலிறுதிக்குப் போகும். நம்ம குரூப்ல ஜப்பானோட ஃபுஜி – ககிவா, சீன தைபேயோட (அதாவது தைவான்) செங் – சியென், அப்புறம் டெல்லி ஃபைனல்ல பாத்த அதே சிங்கப்பூர் ஜோடி.

முதல் மேட்ச் ஜப்பான்கிட்ட 16-21, 18-21 தோல்வி. அடுத்து தைபே, 25-23, 16-21, 21-18ன்னு இழுபறியில ஜெயிச்சாங்க. சிங்கப்பூரை 21-16, 21-15ன்னு சுலபமா முடிச்சாங்க. மூணுல ரெண்டு வெற்றி, சாதாரணமா பாத்தா போதும்.

ஆனா ஜப்பான் தைபேகிட்ட 19-21, 11-21ன்னு தோத்துருச்சு. உலகத் தரவரிசையில முன்னாடி இருந்த ஜோடி, ரெண்டாவது கேம்ல வெறும் 11 பாயிண்ட். இதனால மூணு ஜோடிக்கும் தலா ரெண்டு வெற்றின்னு ஆச்சு. அப்படி ஆனா ஜெயிச்ச கேம், தோத்த கேம் வித்தியாசம் பாப்பாங்க, அதுலயும் முடியலன்னா பாயிண்ட் கணக்கு. நம்ம ஜோடி 4 கேம் ஜெயிச்சு 3 கேம் விட்டிருந்தாங்க. ஒரே ஒரு பாயிண்ட்ல காலிறுதி போச்சுன்னுதான் அன்னைக்கு செய்தி எல்லாம் வந்துச்சு. தைபேகிட்ட விட்ட அந்த நடு கேமை நினைச்சா எனக்கு இன்னும் மனசு அடிச்சுக்கும்.

இந்தியத் தரப்புல இருந்து முறைப்படி புகார் கொடுத்தாங்க, ஜப்பான் அந்த மேட்ச்சை ஒழுங்கா ஆடலன்னு சந்தேகமா இருக்கு விசாரிங்கன்னு. புகாரைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. ஜப்பான் ஜோடி மேல எந்தத் தப்பும் நிரூபணம் ஆகல, அதனால "ஏமாத்திட்டாங்க"ன்னு நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. அவங்க ஃபைனல் வரைக்கும் போய் வெள்ளி வாங்குனாங்க.

ஆனா அந்தப் புகாரை வெறும் தோத்தவங்க புலம்பல்னு ஒதுக்கவும் முடியாது. ஏன்னா ஜூலை 31ந்தேதி மத்த குரூப்கள்ல நடந்ததை உலகமே டிவியில பாத்துச்சு. சீனாவோட ஒரு ஜோடி, தென் கொரியாவோட ரெண்டு ஜோடி, இந்தோனேசியாவோட ஒரு ஜோடி, காலிறுதியில வசதியான எதிராளி கிடைக்கணும்னு வேணும்னே சர்வீஸை நெட்ல அடிச்சுத் தோக்கப் பாத்தாங்க, ஜனங்க எழுந்து கூச்சல் போட்டாங்க, மறுநாள் எட்டுப் பேரையும் தகுதி நீக்கம் பண்ணாங்க. அடுத்த ரியோ ஒலிம்பிக்ஸுக்கு விதியையே மாத்திட்டாங்க, குரூப் முடிஞ்சதும் ரெண்டாவது இடம் வந்தவங்களுக்குக் குலுக்கல்ல எதிராளி. முறையில ஓட்டை இருந்துச்சுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதானே அது. எட்டுப் பேரை வெளிய அனுப்புன அதே டோர்னமெண்ட்ல, ரெண்டு மேட்ச் நேர்மையா ஜெயிச்ச ஒரு ஜோடியும் வெளிய போச்சு.

2013ல லீக் ஏலத்துல என்ன பிரச்னை?

இந்தியன் பேட்மிண்டன் லீக்னு அந்த வருஷம் ஆரம்பிச்சாங்க. ஆறு முக்கிய ஆட்டக்காரங்களுக்கு ஐகான்னு பேரு, அதுல ஜ்வாலாவும் அஸ்வினியும் இருந்தாங்க, அடிப்படை விலை 50,000 டாலர்னு சொன்னாங்க. அப்புறம் லீக்ல பெண்கள் டபுள்ஸே வேண்டாம்னு எடுத்துட்டாங்க, அதுக்குப் பதிலா இன்னொரு ஆண்கள் சிங்கிள்ஸ். உடனே இவங்க ரெண்டு பேரோட அடிப்படை விலையும் பாதியாச்சு, 25,000. கடைசியில ஜ்வாலா 31,000க்கு டெல்லி அணிக்கு, அஸ்வினி 25,000க்கு புனே அணிக்கு.

உலக மெடல் வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. தொகை குறைஞ்சதைவிட, நாட்டோட சொந்த லீக்லயே நீங்க ஆடுற ஆட்டத்துக்கு இடமில்லைன்னு சொன்னதுதான் வலிக்கிற விஷயம். டிவியில பாத்துதானே பிள்ளைங்க "நானும் இது ஆடணும்"னு கேக்கும், அந்த டிவியில பெண்கள் டபுள்ஸே வரலன்னா எந்தப் பொண்ணு கேக்கும்?

2014, 2015 எப்படிப் போச்சு?

நல்லா போச்சு. 2014ல டெல்லியில நடந்த ஊபர் கோப்பையில (பெண்கள் அணிகளுக்கான உலகப் போட்டி) இந்தியப் பெண்கள் அணிக்கு முதல் தடவையா வெண்கலம், ஆசிய சாம்பியன்ஷிப்ல பெண்கள் டபுள்ஸ் வெண்கலம், இஞ்சியான் ஆசிய விளையாட்டுல அணி வெண்கலம். கிளாஸ்கோ காமன்வெல்த்ல ஃபைனல் வரைக்கும் போய் மலேசியாவோட விவியன் ஹூ – வூன் கே வெய் கிட்ட 17-21, 21-23, வெள்ளி. ரெண்டாவது கேமை மட்டும் எடுத்திருந்தா தொடர்ந்து ரெண்டாவது தங்கத்துக்கு மூணாவது கேம் ஆடியிருப்பாங்க.

2015ல கனடா ஓப்பன், கால்கரி. ஃபைனல்ல நெதர்லாந்தோட முஸ்கன்ஸ் – பீக் ஜோடியை 21-19, 21-16ன்னு ஜெயிச்சு பட்டம் வாங்குனாங்க.

ரியோவுல என்ன ஆச்சு? ஜ்வாலா கூட பிரிஞ்சது சண்டையா?

ரியோ 2016ல மூணு குரூப் மேட்ச்சும் தோல்வி. ஜப்பானோட மட்சுடோமோ – தகஹாஷி, அந்த ஜோடிதான் அங்க தங்கம் வாங்குச்சு. அப்புறம் நெதர்லாந்து, தாய்லாந்து. ஒரு வருஷம் முன்னாடி கால்கரியில ஜெயிச்ச அதே முஸ்கன்ஸ் – பீக் கிட்ட இங்க தோல்வி.

அதோட அந்த ஜோடி முடிஞ்சது. ஜ்வாலாவுக்கு அப்ப 33 வயசு நெருங்குது, அஸ்வினிக்கு 27. ஒருத்தர் முடிக்கிற வயசு, இன்னொருத்தருக்கு இன்னும் ஆட்டம் பாக்கி. சிங்கிள்ஸ் ஆளுக்கு இந்தச் சங்கடமே கிடையாது, தன் முழங்கால் எப்ப சொல்லுதோ அப்ப நிறுத்துவாங்க. டபுள்ஸ்ல உங்க உடம்பு சரியா இருந்தாலும் பக்கத்துல நிக்கிறவங்க கணக்குப்படிதான் உங்க கணக்கும். ஜோடி மாறுனா ரேங்கிங்கும் கிட்டத்தட்ட முதல்ல இருந்து, ஏன்னா அந்தப் பாயிண்ட் எல்லாம் ஜோடிக்குச் சொந்தம், தனி ஆளுக்கு இல்ல. உலக மெடல்காரியா இருந்தாலும் மறுபடி சின்ன டோர்னமெண்ட், தகுதிச் சுற்றுன்னு ஏறி வரணும்.

சிக்கி ரெட்டி கூட ஆடுன காலம்?

ஜ்வாலாவுக்கு அப்புறம் பெண்கள் டபுள்ஸ்ல அஸ்வினிக்கு ஜோடி சிக்கி ரெட்டி. அந்தக் காலத்துல 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தைத்தான் முதல்ல சொல்லணும். கலப்பு அணிப் பிரிவுல இந்தியாவுக்கு முதல் தங்கம். ஃபைனல்ல மலேசியா. முதல் மேட்ச்சே மிக்ஸட் டபுள்ஸ், அஸ்வினியும் அப்ப 17 வயசுப் பையனா இருந்த சாத்விக்கும். எதிர்ல ரியோவுல வெள்ளி வாங்குன சான் பெங் சூன் – கோ லியு யிங். 21-14, 15-21, 21-15 ஜெயிச்சுக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் ஸ்ரீகாந்த் லீ சோங் வெய்யை ஜெயிச்சாரு, சாய்னா முடிச்சு வெச்சாங்க, 3-1. எல்லாரும் ஸ்ரீகாந்த் மேட்ச்சைப் பேசுவாங்க, ஆனா அன்னைக்குக் கதவைத் திறந்தது அந்த முதல் மேட்ச்தான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். அதே போட்டியில சிக்கி கூட பெண்கள் டபுள்ஸ் வெண்கலம்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி கிடைக்கல. அதைப் பத்தி நீட்டிச் சொல்ல ஒண்ணுமில்ல, ரேங்கிங் பத்தல.

காசு எப்படி? டபுள்ஸ்ல சம்பாதிக்க முடியுமா?

உலக டூரோட பல போட்டிகள்ல மொத்தப் பரிசுல சிங்கிள்ஸ் சாம்பியனுக்கு 7.5 சதவீதம், டபுள்ஸ் சாம்பியன் ஜோடிக்கு 7.9 சதவீதம். ஜோடிக்குங்கறதைக் கவனிங்க. மொத்தம் 1 லட்சம் டாலர் பரிசுன்னு வெச்சுக்கிட்டா சிங்கிள்ஸ் ஆளுக்கு 7,500, டபுள்ஸ்ல ஆளுக்கு 3,950. ஃப்ளைட் டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் ரெண்டு பேருக்கும் ஒரே செலவுதான், அதைப் பாதி பண்ண முடியாது. உலக சாம்பியன்ஷிப்லயும் ஒலிம்பிக்ஸ்லயும் போட்டி நடத்துறவங்க பரிசுத்தொகையே தர்றதில்ல. ரேங்கிங்குக்கு 52 வாரத்துல சிறந்த 10 போட்டி கணக்கு, அந்தப் பத்துக்காக இருபதுக்கு மேல ஓடணும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் முடிஞ்சதும் அரசு தரப்புல யாருக்கு எவ்வளவு உதவின்னு கணக்கு வெளியிட்டாங்க, அஸ்வினி பேருக்கு நேரா நாலரை லட்சம் ரூபாய்னு இருந்துச்சு. அவங்க வெளிப்படையா மறுத்தாங்க, அப்படி ஒரு பணம் எனக்குத் தனியா வரல, 2023 நவம்பர் வரைக்கும் போட்டிகளை நான் சொந்தமாத்தான் ஆடுனேன், கேட்ட கோச்சும் கிடைக்கலன்னு. பணம் தரலங்கறதுகூடப் பரவாயில்ல, தராத பணத்தைத் தந்ததாச் சொல்லாதீங்கங்கற மாதிரி அவங்க பேசுனது எனக்குச் சரியான பேச்சாப் பட்டுச்சு. 30 வயசு தாண்டின, ரெண்டு ஒலிம்பிக்ஸ் ஆடுன ஒருத்தங்க இன்னமும் டிக்கெட் செலவைக் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க.

தனிஷா கிராஸ்டோ கூட எப்படிச் சேந்தாங்க? வயசு வித்தியாசம் அதிகமாச்சே?

தனிஷா 2003ல பிறந்தவங்க, கோவாக் குடும்பம், பிறந்தது துபாய். 14 வயசு கம்மி. அஸ்வினி டெல்லியில தங்கம் வாங்குனப்ப தனிஷாவுக்கு 7 வயசு! 2023 தொடக்கத்துல இருந்து இந்த ஜோடி. ஜ்வாலா கூட ஆடுனப்ப அஸ்வினி சின்னவங்க, இங்க அவங்கதான் அக்கா. ஒருகாலத்துல தான் வாங்கிக்கிட்டதை இப்பக் கொடுக்குற இடத்துல நின்னாங்க.

அந்த ஒரே வருஷத்துல நாந்த் இன்டர்நேஷனல் சேலஞ்ச் ஜெயிச்சாங்க, அபுதாபி மாஸ்டர்ஸ் ஜெயிச்சாங்க, லக்னோ சையது மோடியில ஃபைனல், டிசம்பர்ல குவாஹாட்டி மாஸ்டர்ஸ் பட்டம். பாரிஸுக்கு ஒரு நாட்டுல இருந்து ரெண்டு ஜோடி போகணும்னா ரெண்டுமே ரேங்கிங்ல முதல் 8க்குள்ள இருக்கணும். நம்மகிட்ட இவங்களும் திரீசா ஜாலி – காயத்ரி கோபிசந்த் ஜோடியும், ஆனா இடம் ஒண்ணுதான். வருஷம் பூரா நடந்த அந்தப் போட்டியில 34 வயசு அஸ்வினி ஜோடி அந்த இடத்தைப் புடிச்சுச்சு. திரீசா – காயத்ரியும் ஆல் இங்கிலாந்து அரையிறுதி ரெண்டு தடவை ஆடுன பெரிய ஜோடி, அவங்களுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்திருக்கும்.

பாரிஸ்ல மூணும் தோத்தாங்களே, இவ்வளவு கஷ்டப்பட்டு என்ன பிரயோஜனம்?

கொரியாவோட கிம் சோ யோங் – கோங் ஹீ யோங் கிட்ட 18-21, 10-21. ஜப்பானோட மட்சுயாமா – ஷிடா கிட்ட 11-21, 12-21. ஆஸ்திரேலியா ஜோடிகிட்ட 15-21, 10-21. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, ஆட்டம் எடுபடல. முதல் ரெண்டு ஜோடியும் அப்ப உலகத்தோட உச்சத்துல இருந்தவங்க, ஆஸ்திரேலியா மேட்ச்சைத்தான் ஜெயிச்சிருக்கணும்னு நானும் நினைச்சேன்.

ஆனா "என்ன பிரயோஜனம்"னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கொரியா, ஜப்பான், சீனா, இந்தோனேசியாவுல ஒரு பொண்ணு 14, 15 வயசுலயே டபுள்ஸ் ஆளுன்னு முடிவாகி, தனி கோச், தனிப் பயிற்சி, எதிர்ல நின்னு தினமும் ஆட அதே தரத்துல பத்து ஜோடி இருக்கும். இங்க ஜ்வாலா – அஸ்வினி உச்சத்துல இருந்தப்ப அவங்க எதிர்ல நின்னு பயிற்சி ஆட அந்தத் தரத்துல இன்னொரு இந்திய ஜோடியே கிடையாது. பாரிஸுக்கு ஒரே ஒலிம்பிக் இடத்துக்கு ரெண்டு இந்திய ஜோடி முட்டி மோதுச்சு. 2024 பிப்ரவரியில ஷா ஆலம்ல இந்தியப் பெண்கள் முதல் தடவையா ஆசிய அணி சாம்பியன் ஆனாங்களே, ஃபைனல்ல தாய்லாந்தை 3-2, அந்த அணியில திரீசா – காயத்ரி முக்கியமான டபுள்ஸ் மேட்ச்சுகளை ஜெயிச்சுக் கொடுத்தாங்க, அஸ்வினியும் அதுல இருந்தாங்க. அரையிறுதியில தனிஷா காயத்தால ஆட முடியாதப்ப சிந்து கூட ஜோடி போட்டு ஜப்பானுக்கு எதிரா இறங்குனாங்க. தோத்தாங்க, ஆனா இறங்குனாங்க.

பாரிஸோட ரிட்டயர் ஆயிட்டாங்களா?

பாரிஸ்ல கடைசி மேட்ச் முடிஞ்சு வெளிய வந்தப்ப, இதுதான் என் கடைசி ஒலிம்பிக்ஸ், தனிஷாவுக்கு இன்னும் நிறைய பாக்கி இருக்குன்னு சொல்லும்போதே கண்ணு கலங்கிருச்சு, தனிஷாவும் அழுதாங்க. மனசளவுலயும் உடம்பளவுலயும் இன்னொரு நாலு வருஷம் இதையே தாங்க முடியாதுன்னு சொன்னாங்க. அதைக் கேட்டுட்டுத்தான் நிறைய பேரு ஆட்டத்தையே விட்டுட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டாங்க.

விடல. அதே 2024 டிசம்பர்ல, 35 வயசுல, தனிஷா கூட மறுபடி குவாஹாட்டி மாஸ்டர்ஸ் ஃபைனல், எதிர்ல ஒரு சீன ஜோடி. 21-18, 21-12. பட்டத்தைத் தக்க வெச்சுக்கிட்டாங்க.